தேநீரோடு விழுங்கிய மாத்திரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? சின்னவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? ஓய்வு பெற்றும் சும்மா இராமல் டியூஷன் சொல்லித்தரக் கடல் கடந்து இங்கே வந்தேன் அல்லவா, போன வாரம் மாடிப்படியிலேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார்கள்.

பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் நம்மூர்ப் பெண், நம் சின்னவள் வயதுதான். “தைராய்டு மாத்திரைய எதோட போட்டீங்க சார்?” என்றாள்.

“டீயோடதாம்மா, ஒரு நாள் தவறினதில்ல.”

“போச்சு போங்க! அப்புறம் எப்படி உடம்புல சேரும்?”

வகுப்பில் உட்கார்ந்தும் பாடம் ஏறாத பையனைப் போல, மாத்திரை உள்ளே போயும் பயனில்லை. சுரப்பு குறைந்து, கொழுப்பு கூடி, இதயம் தளர்ந்துவிட்டதாம். முழுதாகத் தேறாதாம். இப்போதைக்கு விமானம் ஏறக் கூடாதாம். ‘இப்போதைக்கு’ என்றபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சின்னவளுக்கும் அதே மாத்திரைதானே? வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடு. ஒரு மணி நேரம் கழித்தே டீ. என் கம்பளிச் சட்டையை அனுப்பு, வெயிலிலும் குளிர்கிறது. படிக்கும் கண்ணாடியையும் வை, பேச்சுத்துணைக்கு ஆளில்லை, புத்தகம்தான் துணை.

நர்ஸ் ஈசிஜி எடுக்க வந்துவிட்டார். விடுமுறைக்கு வருவேன் என்று நீ தேய்த்து வைத்த சட்டைகளை உன் தம்பிக்குக் கொடுத்துவிடு.

உன்
வாத்தியார்