ஆஸ்டல் சாவி

மில் குடியிருப்பு,
ராஜபாளையம்.
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, தெருமுனைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

நீ அந்த நாட்டுச் சட்டசபையில் பேசியது இங்கே வந்துவிட்டது. யாரோ அந்த வீடியோவில் தமிழில் எழுத்துப் போட்டு அனுப்ப, பாஸ்டர் முதல் பலசரக்குக்கடை நைனா முகமது அண்ணன் வரை பார்த்துவிட்டார்கள். நர்ஸ் வேலைக்கு அங்கே போன பிள்ளை, மெம்பராகி அம்புட்டுப் பேர் நடுவில் நின்று பேசுகிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. பூமி சூடாவதையும், நூல்மில் புழுக்கத்தில் பெண்பிள்ளைகள் மயங்கி விழுவதையும், பெண்ணுக்கு மட்டும் சம்பளம் குறைவதையும் சொன்னாய், எல்லாம் சரி. ராஜபாளையம் என்று ஊர்ப்பெயரை ஏன்டி சொன்னாய்? மில் ஆஸ்டலில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகூடக் கடைக்கு விடுவதில்லை, பின்வாசலையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள், பூட்டுகிற கையையும் விசாரிக்க வேண்டும் என்றாயே. சாவிக்கொத்து உரசி இடுப்பு புண்ணாகிவிட்டது என்று போன மாசம் உன்னிடம் புலம்பினபோது பேச்சோடு பேச்சாக நான் சொன்னதுதானே அது. மகளிடம் சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன், சட்டசபை மெம்பரிடம் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை.

மேனேஜர் சுப்புராஜ் சார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பின்வாசல் விஷயம் வெளியாளுக்குத் தெரியாதாம், பிள்ளைகளில் ஒருத்திதான் உன் நம்பரைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டுமாம், ஆஸ்டல் வார்டன் என்கிறதால் நான்தான் நாளைக் காலையில் அவள் பெயரைச் சொல்ல வேண்டுமாம். “நீங்க சொல்லியிருக்க மாட்டீக, எனக்குத் தெரியும்” என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நம்பித்தான் சொன்னாரா, தெரிந்துகொண்டே எனக்கு வழி விட்டாரா, விளங்கவில்லை. எப்படியானாலும் ஒரு பிள்ளை பெட்டியைக் கட்ட வேண்டும். அவருக்குச் சந்தேகம் வ. புதுப்பட்டி பாண்டிசெல்வி மேல், உன் பேச்சை ஆஸ்டல் முழுக்க அனுப்பினது அவள்தான். அப்பன் இல்லாத பிள்ளை, அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. நேற்று அவள் என்னிடம் வந்து, “அக்கா சொன்ன மாதிரி ஆனா ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பாக்க எங்கள விடுவீகளா அம்மா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். போய்ப் படுட்டி என்று விரட்டிவிட்டுப் பூட்டினேன்.

என் பெயரைச் சொன்னால் வேலையோடு இந்த வீடும் போகும். மூச்சு இரைக்கிற மனுஷனை எங்கே கொண்டு வைப்பேன்? அங்கே வந்துவிடு என்பாய், அவரைப் பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப்போகவே ஆள் வேண்டும். அவள் பெயரைச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு சர்ச்சில் முழங்கால் போடுவேன்? உன்மேல் அப்படிக் கோபம் வருகிறது, செத்த நேரத்தில் உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

பேசினதை வாபஸ் வாங்கச் சொல்லி உனக்கு எழுதவும் சொன்னார் சார். வாங்காதே. இங்கே விடிவதற்குள் உனக்கு ஒரு முழுப்பகல் இருக்கிறது. சொன்னது என் அம்மா, பூட்டுகிறவளும் அவள்தான் என்று நாலு பேர் கேட்க நீயே சொல்லிவிடு. எனக்கு நாக்கு எழும்பவில்லை, உனக்குத்தான் பேச வரும். பொறவு ஆகிறது ஆகட்டும்.

கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் கண்மணிபோலக் காப்பார். சொல்லி முடித்ததும் மறக்காமல் ஒரு மிஸ்டுகால் கொடு. மணியடித்துவிட்டது, நான் போய்ப் பூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானபாக்கியம்