முல்லைக்கரையில் பூத்த நிலமந்தாரை

வெண்மேகம் படியிறங்கி வணங்கும் குளிர்வரை நாட்டின் தலைவரும், தேனடைக் கொடி உயர்த்தியவரும், என்னைப் பெற்றவருமாகிய பெருஞ்சாத்தப் பேரரையர் திருமுன், முல்லைக்கரை வேந்தர் இளவேட்டரின் பட்டத்தரசி கூவிளநங்கை எழுதுவித்த ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் காட்டில் தேன் குறையாதிருக்க. தங்கள் முழங்கால் வலி மட்டும் குறைந்தொழிக.

தங்கள் ஓலையும் அதன் பின்னாலேயே பல்லக்கும் வந்து சேர்ந்தன. மணமகளோடு சென்ற நிலமந்தாரைச் செடி அடுத்த கோடை முடிவதற்குள் பூக்காவிடில், அந்த மண் அவளை ஏற்கவில்லையெனக் கொண்டு மகளைத் திரும்ப அழைத்துக்கொள்வது நம் குலவழக்கம். அதை நான் மறக்கவில்லை. தங்கள் தூதர் பொதியனார் தை மாதத்தில் இங்கு வெறும் மண்ணைக் கண்டு, செடி மாண்டதென்று தங்களிடம் உரைத்தாராம். பனிக்காலத்தில் அது கிழங்குக்குள் உறங்குமென்பதை மலையில் பிறந்தவர் எங்ஙனம் மறந்தாரோ! முல்லைக்கரை விருந்தை ஒரு பிடி பிடித்தவருக்குக் கண் சொருகியிருந்தால் வியப்பில்லை.

ஆயினும் நானும் அஞ்சியே இருந்தேன். இந்நாட்டில் கார்த்திகை பிறந்தால் மல்லிகைக்குக் கவாத்து. முதல் வெட்டு அரசர் கையால் நிகழ வேண்டும். தங்கள் மருமகனார், மனைவி வீட்டுச் செடிக்குக் குறை வைக்கலாகாதென்று, அதே கத்தியோடு என் பாத்திக்கும் வந்துவிட்டார். காய்ந்த பூந்தண்டை மட்டும் நீக்க வேண்டிய செடியில், பச்சை இலைகளையும் மண்ணோடு ஒட்ட அறுத்தார். இலை தேடித் தருவதை உண்டே கிழங்கு அடுத்த பூவுக்கு வலுப்பெறுமென்பதும், இலை தானாக மஞ்சளித்த பிறகே கத்தி படலாமென்பதும் மல்லிகை நாட்டார் அறியாதவை. மல்லிகையிலும் அழகாக வெட்டியதாகப் பெருமை பொங்க வந்து சொன்னார். நான் அழுதேன்; பிறகு அவையோர் செவியில் விழும்படியே வைதேன். நம் வழக்கத்தை அப்போதுதான் அறிந்தவர், அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் காட்டுச்சருகு சுமந்து வந்து பாத்திக்குப் போர்த்தியவரும் அவரே. உறங்கும் கிழங்குக்கு நீர் ஆகாதென்று நான் விலக்கியும், தோட்டத்தார் இரக்கப்பட்டுக் குடத்தோடு வந்தவண்ணம் இருந்தனர். அதனால் பகைவருக்கும் வைக்காத காவலை அந்தத் துண்டு நிலத்துக்கு வைத்தார். தமது மந்திராலோசனையையும் அங்கேயே நடத்தினார். அமைச்சர்கள் கொசுக்கடி பட்டதுதான் மிச்சம்.

பங்குனியில் சருகை விலக்கினோம். கோழிக்குஞ்சின் அலகளவில் முளைகள் தலைநீட்டியிருந்தன. வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தவர் செய்தி கேட்டு எழுந்தோடி வந்தார். வாதியும் பிரதிவாதியும் என்னவோ ஏதோவென்று சேர்ந்தே பின்னால் ஓடி வந்தனர். இன்று காலை பூத்தது. வெட்டுப்பட்ட கிழங்கல்லவா, ஒற்றைத் தண்டுதான், பூக்களும் சிறியவை. ஆனால் நிறம் நம் மலையில் கண்ட அதே ஊதா, நாக்குப் போன்ற நடுவிதழிலும் அதே மடிப்பு. தந்தையே, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆகவே தங்கள் பல்லக்கைத் திருப்பி அனுப்புகிறேன். தூக்கிகள் இங்குள்ள சோற்றில் சற்றே பருத்துவிட்டதால் மெல்ல வருவர், பொறுத்தருள்க. தாங்கள் சமவெளியில் கால் வைப்பதில்லையென்று கொண்ட சூளுரையைக் கைவிட்டு, பூ வாடுமுன் அதே பல்லக்கில் ஏறி வந்து காண வேண்டும். மகளாக இதை வேண்டுகிறேன். இசையாவிடில் முல்லைக்கரை அரசியாக ஆணையிடுகிறேன்.

இன்னுமொன்று. இதைத் தங்கள் மருமகனார் அறியார். அறிந்தால் தலைகால் புரியாது. அந்தச் செடி பூக்காமலே போயிருந்தாலும் நான் பல்லக்கில் ஏறியிருக்க மாட்டேன்.

இவ்வாறு சொல்லி, மல்லிகைச்சர முத்திரையை என் கையாலேயே பதித்தேன். கொண்டுவருவோனுக்குத் தேன் தந்து, தங்கள் வருநாளை அவன்வழியே சொல்லியனுப்புக.