நீங்கள் கொடுக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி

ஒருநாளும் நித்திரை காணாத என் அப்பாவுக்கு,

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு இதை எழுதுகிறேன். அம்மா எழும்பி வந்தால் வயிற்றுவலி என்று சொல்வேன். உங்களுக்கு எழுதவும் பயந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. அங்கேயாவது நிம்மதியாகப் படுத்து எழும்புகிறீர்களா அப்பா?

வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருவராக இங்கே கனடாவில் உங்களை ஜூரிக்குக் கூப்பிட்டபோது, பிறம்ரன் நகரத்து வெயர்ஹவுசில் உங்களோடு வேலை செய்த சிவா அங்கிள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சிரித்தார். "இங்கிலிஷ் விளங்காது எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ அண்ணை. நாங்கள் எல்லாரும் அப்பிடிச் சொல்லித்தானே தப்பினனாங்கள்."

நீங்கள் சிரிக்கவில்லை. "ஊரிலை ஆமி என்ரை தம்பியைக் கொண்டுபோகேக்கை ஆரும் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டவங்களோ? இஞ்சை கேக்கிறாங்கள். நான் போறன்."

பகலில் நீதிமன்றம். அந்த நாட்களுக்குக் கம்பனி சம்பளம் தராது, நீதிமன்றம் தந்தது வாடகைக்குக் காணாது. அதனால் இரவில் வெயர்ஹவுஸ். ஜூரி வழக்கைப் பற்றி வீட்டில் கதைக்கவும் கூடாது, வெளியில் எதுவும் கேட்கவும் கூடாது என்று, ரேடியோவில் செய்தி தொடங்கினால் பல்கனிக்குப் போய்ப் பனிக்குள் நிற்பீர்கள். முடிந்ததும் அம்மா கண்ணாடியில் தட்டிக் கூப்பிடுவா.

ஒரேயொரு நாள், சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள். "வழக்கு நடக்கிற இடத்திலை ஒரு தாய் இருக்கிறா, குஞ்சு. நாங்கள் சாப்பிடப் போகேக்கையும் வரேக்கையும் அதே மரவாங்கிலைதான் இருக்கிறா. ஒண்டும் சாப்பிடுறேல்லை. என்ரை பெட்டியைக் குடுப்பம் எண்டால், ஜூரியிலை இருக்கிற நாங்கள் அவவோடை கதைக்கவே கூடாது." நீங்கள் கொண்டுபோன றொட்டியில் பாதி அன்றைக்கு அப்படியே திரும்பி வந்திருந்தது.

அடுத்த கிழமை, இரவு வேலை முடிந்து 401 பெருந்தெருவில் கார் ஓட்டி வரும்போது கண் அயர்ந்துவிட்டீர்கள்.

என்ன வழக்கு என்று உங்கள் செத்தவீட்டில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோன ஒரு பெடியனைக் காரால் அடித்துவிட்டு நிற்காமல் போனவரின் வழக்காம். மாடிக் கட்டடங்கள் கட்டி விற்கும் பெரிய பணக்காரர். உங்களைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக நின்றார். செய்தியில் உங்கள் படத்தைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். செத்துப்போன தன் மகனின் படத்தை நீதிமன்றத் திரையில் காட்டியபோது மற்ற ஜூரிகள் தலை குனிந்தார்களாம், நீங்கள் குனியவில்லையாம். என் கையைப் பிடித்தபோது அவருடைய கையில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

பிறகு, நீதிமன்ற ஆளோ பணக்காரரின் ஆளோ தெரியாது, கோட் போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்து, நீங்கள் வழக்கைப் பற்றி வீட்டில் கதைத்தீர்களா என்று கேட்டார். அம்மா "இல்லை" என்றா. நானும் தலையாட்டினேன். அந்த றொட்டிக் கதை வழக்குக் கதையா அப்பா? அதை நான் சொன்னால் உங்கள் பெயரைக் கெடுத்துவிடுவார்களா? அன்றிலிருந்து கதவு தட்டினால் நான் போய்த் திறப்பதில்லை.

ஜூரியில் மிச்சப் பதினொரு பேரும் தொடர்ந்து இருக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பணக்காரரின் வக்கீல்கள் எழும்பி, கூட இருந்த ஆள் ரோட்டில் செத்திருக்கும்போது இவர்கள் எப்படி இந்த வழக்கை நியாயமாகப் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். நீதிபதி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம்.

நீங்கள் விழித்திருந்த அத்தனை இரவும் என்ன ஆனது அப்பா? உங்கள் சாவும் அந்தப் பணக்காரருக்குத்தானா உதவ வேண்டும்?

அவர் பிணையில் வீட்டில் இருக்கிறார். மகளின் கலியாணத்துக்கு வெளிநாடு போய்வரவும் விட்டார்களாம். கீழ்மாடி ரூபன் அண்ணா கடையில் சண்டை பிடித்ததற்கு, பிணைக்கு நிற்க ஆளில்லாமல் இன்னும் உள்ளே இருக்கிறார். அவருடைய வழக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

பணக்காரரின் புது வழக்கு, இரண்டு தரம் தள்ளிப்போய், இந்தத் திங்கட்கிழமை தொடங்குகிறது. எனக்கு மார்ச் விடுமுறை. போகட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"இருந்த ஒரு மனுசனையும் குடுத்தாச்சு," என்றா அம்மா. "அவையள் பெரிய ஆக்கள். இனி நீ அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கக்கூடாது." சொல்லிவிட்டு உங்கள் ஜக்கெற்றை மடித்தா. பிறகு அதையே விரித்துத் திரும்பவும் மடித்தா.

அம்மாவைப் பிழை சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். அந்தக் கோட் போட்டவர் அங்கே நிற்பாரோ, என்னை அடையாளம் கண்டுவிடுவாரோ என்று இப்போதே யோசிக்கிறேன். ஆனால் அந்த வாங்கில் திங்கட்கிழமையும் அந்த அம்மா தனியாக இருப்பாரே.

நான் போவேன் அப்பா. உங்கள் பெட்டியில் றொட்டியும் சம்பலும் வைத்து எடுத்துக்கொண்டு போவேன். உறைப்பைக் குறைத்துப் போடுகிறேன், அவருக்குப் பழக்கம் இருக்காது. அவர் பக்கத்தில் அமர்ந்து, பாதியை எடுத்து அவருடைய கையில் வைப்பேன்.

நான் ஜூரி இல்லை அப்பா. நான் கொடுக்கலாம்.

உங்கள் பெட்டியை இனிக் கழுவி வைக்கும்,
உங்கள் குஞ்சு