நாலாவது பாட்டு

அக்டோபர் 14, செவ்வாய்

இன்றும் சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டரில் சி.டி. சுற்றுகிறது, திரையில் நொடிகள் ஓடுகின்றன, ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. சர்ச் பாடகர் குழுவுக்காக ஜெனிஃபா அக்கா பாடியது. ஸ்டுடியோவில் கொடுத்த ஒரே சி.டி. போன வருஷம் அக்கா காய்ச்சலில் இறந்ததும் அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "அதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்." அம்மா ஷூ கம்பெனிக்குப் போனபிறகு சாவியை எடுக்கிறேன். நான்தான் கெடுத்துவிட்டேனா?

அக்டோபர் 15

பக்கத்து வீட்டு சைராவிடம் கேட்டேன். "பின்னாடி எந்த ஓட்டைல சொருகின? ரோஸா? அது மைக்குடி. கம்ப்யூட்டர்தான் நீ அழுவறத கேட்டுனு இருந்திருக்கும்" என்று சிரித்தாள்.

பச்சையில் சொருகினேன். அக்கா வந்துவிட்டாள். நாலாவது பாட்டில் மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பிப்பாள். அந்த மூச்சுக்கே அழுதுவிட்டேன்.

அக்டோபர் 21

எல்லாப் பாட்டையும் பென்டிரைவில் காப்பி செய்தேன். உடனே முடிந்துவிட்டது. பென்டிரைவைத் திறந்து நாலாவதை அழுத்தினேன் — பாடியது. அப்புறம்தான் சி.டி.யை வெளியே எடுத்துப் பீரோவில் வைத்தேன். சைராவிடம் மட்டும் சொன்னேன். இனிமேல் சாவி வேண்டாம்.

அக்டோபர் 30

கல்லறைத் திருநாளுக்குள் அக்காவுக்குக் கல்லறை கட்டுகிறோம். கொத்தனார் சிமெண்ட் போட்டு மூடும் முன், அம்மா அக்காவின் பைபிளோடு அந்த சி.டி.யையும் உள்ளே வைத்தாள். "யோசிச்சுக்கோ" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம்மா என்று வாய் வரை வந்தது. சொன்னால் சாவி எடுத்தது தெரிந்துவிடும். என்னிடம்தான் பாட்டு இருக்கிறதே. கொத்தனார் சிமெண்டைப் பூசி மூடிவிட்டார்.

நவம்பர் 2

பென்டிரைவைச் சொருகி நாலாவதை அழுத்தினேன். பாடவில்லை. சி.டி.யைப் போடு என்கிறது கம்ப்யூட்டர்.

நவம்பர் 4

கம்ப்யூட்டர் கடை தவ்ஃபீக் அண்ணன் பார்த்தார். "அன்னிக்கு சி.டி. உள்ள இருந்துச்சு, அதுலேர்ந்து பாடிச்சு பாப்பா. இதுல வந்தது பாட்டோட பேருங்க மட்டும்தான். பாட்டு வரவே இல்ல."

யாரிடம் சொல்வேன்?

நவம்பர் 17

அம்மா கம்பெனியிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா பாட்ட போடுடி. நீ சாவி எடுக்கறது எனக்குத் தெரியும். நீ பென்டிரைவுல ஏத்திட்டன்னு சைரா அம்மா சொன்னாங்க. அதான் தைரியமா உள்ள வெச்சேன்."

ஹெட்போனை அம்மாவுக்கு மாட்டிவிட்டு, ரோஸ் ஓட்டையில் சொருகினேன். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் வரலையேடி."

"கம்ப்யூட்டர் ரிப்பேர்ம்மா."

"சரி, பொறுமையா பாரு. பாட்டு எங்க போய்டப் போவுது" என்றாள். ஹெட்போனை மட்டும் கழற்றவில்லை.