ஓடும்போதே துப்புரவு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் ஏதோ இருக்கிறோம். நீயும் உன் ஆய்வக எலிகளும் சௌக்கியம்தானே?

அப்பாவுக்கு இதயத் தசை பலவீனமாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருப்பாள். உன் போன் வந்தாலே அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். அவரைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு உன்னிடம் விவரமாகப் பேச மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

லிஃப்ட் பழுதுபார்க்க இனிமேல் அவர் போகக் கூடாதாம். கம்பெனியில் மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். "மெக்கானிக்க நாற்காலில உக்கார வச்சா துருதான் பிடிக்கும்" என்கிறார். "வாய்ல இன்னும் துரு பிடிக்கல, அந்த மட்டும் சந்தோஷம்" என்கிறாள் அம்மா.

இதயச் செல்களுக்குள் குப்பை சேரும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் ஒரு பத்தி பார்த்தேன். ஒரே ஒரு பத்திதான்! நீ ஆராய்வது அதைத்தானே? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் தங்கை

ஜூன் 15

என் புத்தகப் புழுவுக்கு,

தோலில் பழைய செல் உதிர்ந்து புதியது வரும். இதயத் தசையில் அப்படி இல்லை. பெரும்பாலும் பிறந்தபோது இருந்த செல்களே கடைசிவரை உழைக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் புரதங்கள்தான் ஓயாமல் பழுதாகிப் புதிதாகின்றன. பழுதான புரதத்தின் மேல் செல் ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டும். அதைப் பார்த்து அரைத்துத் தள்ள உள்ளேயே ஓர் அமைப்பு உண்டு. பெரிய கட்டியாக இருந்தால் ஒரு பையில் சுற்றிக் கரைத்துவிடும். உடைந்த துண்டுகள் வீணாவதில்லை, அவற்றை வைத்தே புதுப் புரதம் கட்டிக்கொள்ளும். இந்த வேலை மந்தமானால் குப்பை கட்டிகட்டியாகச் சேர்ந்து தசை வலுவிழக்கும். அப்பாவுக்கு வந்தது இதனால்தானா என்று எனக்குத் தெரியாது.

ஒரு வேடிக்கை: எலிகளைப் பட்டினி போட்டால் இந்தத் துப்புரவு வேகமாகிறது!

இதை அப்பாவிடம் காட்டாதே. "டாக்டருக்குப் படிக்க அனுப்பினா, பாதில விட்டுட்டு எலிக்கு ஆயா வேல பாக்குறா" என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்.

உன் அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் காட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டேன். அப்பா படித்துவிட்டார்.

அதன் பிறகு ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பிறகு காலையில் சாப்பிடுவதையும் விட்டார். மதியம் டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் அவரோடு வேலை செய்பவர் வழியில் அம்மாவைப் பார்த்து, "உங்க கை மணம் யாருக்கும் வராதுங்க" என்று பாராட்டினாராம். எங்கள் சாப்பாடு யார் வயிற்றுக்குப் போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்பாவிடம் நேராகவே கேட்டேன்.

"லிஃப்ட்ட சுத்தம் பண்ணணும்னா முதல்ல என்ன பண்ணுவோம்? மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுவோம். ஓடுற மெஷின்ல கை வைக்கிறவன் மடையன்."

"அக்கா எலியப் பத்திதானேப்பா எழுதினா?"

"அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

அக்கா, இது அவர் வாயாலேயே சொன்னது. நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

நேற்று வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு குளிக்கப் போனவர், தலை சுற்றிக் கீழே விழுந்துவிட்டார். நெற்றியில் தையல். "உங்க இஷ்டத்துக்குப் பட்டினி கெடந்தா அடுத்த தடவை தையலோட போகாது. யார் சொல்லி இதப் பண்ணினீங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார். அப்பா தலையை நிமிர்த்தி, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க. இதுலயே ஆராய்ச்சி பண்றவங்க" என்றார். உன்னைத்தான் 'வங்க' போட்டுச் சொன்னார்!

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவுக்காக இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். அக்காவே சாப்பிடத்தான் சொல்வாள் என்றேன். "அப்ப அவ எழுதட்டும்" என்கிறார். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார், நீ போன் செய்தாலோ தெருவுக்குப் போய்விடுவார். உன் கோபத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள். உடனே எழுது, எனக்கு இல்லை, அவருக்கு.

உன் தங்கை

ஜூலை 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. நான்தான் பாதியை மட்டும் எழுதினேன். அந்த எலிகள் இளசு, இதயம் கல் மாதிரி இருந்தவை. தளர்ந்த இதயத்தில் துப்புரவு அளவு மீறினால், குப்பையோடு நல்ல தசையையும் செல் தின்றுவிடக்கூடும். அந்த அளவு எது என்று எனக்கும் தெரியாது. அதைத் தேடுவதுதான் என் வேலை.

லிஃப்டுக்குச் சுவிட்ச் இருக்கிறது. இதயத்துக்கு இல்லை. அது ஓடும்போதே தன்னைத் துடைத்துக்கொள்ள வேண்டிய இயந்திரம். ஓடச் சாப்பாடு வேண்டும்.

டாக்டர் சொல்கிறபடி சாப்பிடுங்கள், மாத்திரையை அவர் சொன்ன நேரத்தில் போடுங்கள். அவர் மனிதர்களைப் பார்க்கிறவர். நான் எலிகளைப் பார்க்கிறவள்.

நெற்றி வலிக்கிறதா?

உங்கள் மகள்

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். அம்மா தட்டை வைத்தாள். அதை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். "ஒரு வரி எழுத இவ்வளவு நாளா உங்க பொண்ணுக்கு?" என்று அம்மா முணுமுணுத்ததற்கு, "அவளுக்கு வேலை இல்லாமலா இருக்கு?" என்று சண்டைக்குப் போனார். அன்று முதல் மூன்று வேளையும் சாப்பிடுகிறார். தையல் பிரித்தாயிற்று.

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். 'அன்புள்ள மகளுக்கு' என்று எழுதிவிட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "சுத்தம் பண்ணி எடுத்த குப்பை எங்க போகுது? அத அவ எழுதியிருந்தாளா?" என்று கேட்டார்.

எழுதியிருந்தாய். அந்த வரி எனக்கு மனப்பாடம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும், "தெரியலப்பா, அக்காவத்தான் கேக்கணும்" என்றேன்.

"எப்பக் கூப்பிட்டா அவளுக்குத் தோதுப்படும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று சொல்லிவிட்டேன். போனை எடுத்துவிடு.

உன் தங்கை