நீ ஒண்டு, நான் ஒண்டு

மைக்கின் தலையில் மாட்டியிருந்த சிவப்புப் பஞ்சு உறையை வாய்க்கு அருகே கொண்டுபோனபோது அந்த மணம் வந்தது. கொஞ்சம் துரு, கொஞ்சம் எச்சில், யாரோ உப்பும் தூளும் போட்டுத் தின்ற மாங்காய். எட்டாம் வகுப்பில் நீயும் நானும் பிடித்த மைக்கிலும் இதே மணம்தான். நான் அதை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

பாடசாலை அதிபர் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன ரீச்சர், வேல செய்யல்லையா?”

“வேலை செய்யுது சேர்” என்றேன். அதுகூட அவருக்குக் கேட்டிருக்காது.

உனக்கு முதலிலிருந்து சொல்லவேண்டும். நான் இப்போது ஆசிரியை. சிரிக்காதே. குச்சவெளிப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலை, ஒன்பதாம் வகுப்பு வரை. காலையில் சல்லியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினால், கடலைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கலாம். போன மாதம் ஆசிரியர் கூட்டத்தில், பிள்ளைகள் எழும்பி நின்று வாசிக்கக் கூச்சப்படுகிறார்கள் என்று கதை வந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒருதரம் பிள்ளைகளே பள்ளிக்கூடச் செய்தி வாசிப்பார்கள் என்று பக்கத்திலிருந்த ரீச்சரின் காதுக்குள் சொன்னேன். அவர் உடனே எழும்பி அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். இங்கே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பள்ளிக்கூடம் வேளைக்கே விட்டுவிடும். அதனால் வியாழன் என்று முடிவானது. “முதல் கிழம நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. புள்ளைகள் பாத்துப் பழகட்டும்” என்று அதிபர் சொன்னார்.

வகுப்பறையில் கதைக்கிறேன். அது எப்படியோ பழகிவிட்டது. முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் நான் மைக் பிடித்தது ஒரேயொரு தரம்தான். அது உன் கையிலிருந்து வாங்கிய மைக்.

நம்முடைய வெள்ளிக்கிழமைகள் ஞாபகமிருக்கிறதா? கடைசிப் பாடத்துக்கு முதல் எல்லாரும் சேர்ந்து பள்ளிக்கூடம் கூட்டவேண்டும். விளக்குமாறு கிடைத்தவர்கள் கூட்டுவார்கள், கிடைக்காதவர்கள் தூசிக்குப் பயந்து ஓடுவார்கள். பிறகு மண்டபத்தில் வரிசை. எந்த வகுப்புக்குத் துப்புரவுப் புள்ளி அதிகம் என்று அறிவிப்பார்கள். அதன் பிறகு கிழமைச் செய்தி. அந்தத் தவணை அது நம் வகுப்பின் பொறுப்பு. கட்டுரை நன்றாக எழுதுகிறேன் என்று தமிழ் ரீச்சர் என்னை எழுதச் சொன்னார். மாதா கோயிலில் ஞாயிறுகளில் வாசகம் வாசிக்கிறவள் என்பதால் உன்னை வாசிக்கச் சொன்னார்.

அதற்கு முன் நாம் அவ்வளவாகக் கதைத்ததில்லை. மற்றவர்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும்போது மதிலோரம் கிடந்த வாங்குப் பலகையில் நாம் இருவரும்தான் இருப்போம். எனக்கு ஓட வராது. நீ ஓடக்கூடாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் உன் இருதயத்தைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது. மாதத்துக்கு ஒரு ஊசி. ஊசி போட்ட மறுநாள் வாங்கில் ஒரு பக்கமாக இருப்பாய். “அங்கால தள்ளி இரடி, எனக்கு இண்டைக்கு ஒரு பக்கத்தாலதான் இருக்கேலும்” என்பாய். உன் நெஞ்சு வருத்தத்தைப் பற்றி முழு வகுப்புக்கும் தெரியும். நீ அதை ஒளித்ததே இல்லை. ஏதோ வீட்டில் வளர்க்கும் பூனையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாய்.

முதல் வெள்ளி நீ வாசித்தாய். நான் எழுதியிருந்த வசனங்கள் ஒவ்வொன்றும் நாலைந்து வரி. நீ கோயிலில் வாசிக்கிற அதே இழுவையில் வாசித்தாய். கடைசி வசனத்தில் மூச்சுப் போதாமல் குரல் மெல்ல இறங்கியது. முடித்ததும் பின்வரிசையிலிருந்து சுதன் “ஆமென்” என்றான். மண்டபம் முழுக்க “ஆமென்” என்றது. அதிபர் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தது நீதான்.

பிறகு என்னிடம் வந்தாய். “நீ வசனம் எழுதுறியோ, நிலாவெளி வரைக்கும் ரோட்டுப் போடுறியோ? எனக்கு நெஞ்சு இளைக்குதடி. குட்டியா எழுது.”

“குட்டியா எண்டா எவ்வளவு?”

“இரு, வாசிச்சுக் காட்டுறன்.”

அந்த வாங்கில் இருந்து நீ வாசித்தாய். நீ மூச்செடுத்த இடங்களில் எல்லாம் நான் பென்சிலால் சின்னக் கோடு போட்டேன். அடுத்த கிழமைக்கான செய்தியை அந்தக் கோடுகளுக்குள் அடங்குகிற மாதிரி எழுதினேன். ஒரு கோட்டுக்கு ஒரு வசனம்.

‘ஏழாம் வகுப்புக்குள் ஆடு ஒன்று வந்தது. சுவரில் உலகப்படம் தொங்கியது. ஆடு இந்து சமுத்திரத்தை மட்டும் தின்றது. இலங்கை தப்பியது.’

நீ அதை வாசித்தபோது மண்டபம் சிரித்த சிரிப்பை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். எழுதினது நான் என்று யாருக்கும் தெரியவேண்டாம் என்று உன்னிடம் கெஞ்சியிருந்தேன். நீ செய்தி முடிந்ததும் தாளில் இல்லாத ஒன்றைச் சேர்த்தாய். “இதை எழுதினவ தூணுக்குப் பின்னால நிக்கிறா. தூண் மெல்லிசு, அவவின்ர சட்டை தெரியுது.” முழுப் பள்ளிக்கூடமும் திரும்பிப் பார்த்தது. நான் உன்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நீ வந்து சொன்னாய்: “கோவிச்சுக்கொண்டு என்ன செய்யப்போறாய்? உனக்குச் சத்தமில்லை. எனக்கு மூச்சில்லை. ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு முழு ஆள் வரும்.”

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் உனக்காகப் பார்த்தது. குழாயடியில் யார் யாரைத் தள்ளினார்கள், குடையைத் தோளில் மாட்டிக்கொண்டே அதிபர் குடையைத் தேடியது, துறைமுகத்தில் கப்பல் ஊதியபோது கணக்குச் சேர் திடுக்கிட்டுச் சோக்கட்டியை முறித்தது. நான் வாய் திறக்காத பிள்ளை என்பதால் யாரும் என்னைக் கவனிக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் கவனித்து வியாழக்கிழமை உன்னிடம் கொண்டுவருவேன். நீ வாசித்துப் பார்ப்பாய், நான் கோடு போடுவேன். அந்த நாட்களில்தான் ஒரு ஆள் எனக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. “என்ன புதினம்?” என்று செய்தி கேட்டுக்கொண்டுதான் நீ வகுப்புக்குள் வருவாய்.

மாரி தொடங்கியதும் கோடுகள் நெருங்கி வந்தன. ஐந்து சொல்லுக்கு ஒன்று. பிறகு நாலு சொல்லுக்கு ஒன்று. நான் வசனங்களை இன்னும் சின்னதாக்கினேன். உன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்ய நாள் கொடுத்துவிட்டார்கள் என்று உன் அம்மா வந்து ரீச்சரிடம் சொன்னார்.

நீ போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பெரிய மழை. மண்டபத்தின் தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலால் வாசிக்கவேண்டியிருந்தது. ரீச்சர், “ஏலாட்டி விடு பிள்ளை” என்றார். “ஏலும் ரீச்சர்” என்றாய். இரண்டு வசனம் வாசித்தாய். மூன்றாவதன் நடுவில் நின்றுவிட்டாய். மைக்கைத் தூரப் பிடித்தாய், உன் மூச்சு மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாதென்று. 

“என்ன, கரண்ட் போயிட்டுதோ?” என்று சுதன் கேட்டான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

நீ திரும்பி, பக்கத்தில் நின்ற என்னிடம் மைக்கை நீட்டினாய். நான் தலையை ஆட்டினேன். நீ கையை எடுக்கவில்லை. 

“நீ ஒண்டு. நான் ஒண்டு.”

“எனக்கு ஏலாதடி. செத்துப்போவன்.”

“ஒண்டுதான். வாசி.”

வாங்கினேன். பஞ்சு உறை உன் மூச்சால் ஈரமாக இருந்தது. ஒரு வசனம் வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை. நீ மைக்கை வாங்கி அடுத்ததை வாசித்தாய். திரும்ப என்னிடம் தந்தாய். அப்போதுதான் கவனித்தேன். நான் வாசிக்கிற நேரத்தில் நீ மூச்செடுத்துக்கொண்டிருந்தாய். நான் அவசரப்பட்டு வாசித்தால் உனக்கு அந்த நேரம் போதவில்லை. அதனால் மெதுவாக வாசித்தேன். அடுத்ததை இன்னும் மெதுவாக. மெதுவாக வாசித்தபோது குரல் தானாகவே வெளியே வந்தது. என் இடப்பக்கத்தில் நீ. உன் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். தோள் அடங்கியதும் மைக்கைத் தந்தேன். இப்படியே கடைசி வசனம் வரை போனோம். அந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

வெளியே குடைக்குள் நின்று கேட்டாய்: “செத்துப்போவன் எண்டு சொன்னனீ. செத்தியோ?”

“இல்லை.”

“பாத்தியோ. நான் வந்த பிறகும் இப்பிடியே வாசிப்பம். எனக்குப் பாதி வேலை மிச்சம்.”

நீ வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர் சொன்னார். ஒப்பரேசன் நடந்தது, பிறகு காய்ச்சல் வந்தது, பிறகு முடியவில்லை. மாதா கோயிலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது நம் வகுப்பு வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றது. சுதன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த வெள்ளி செய்தி இருக்கவில்லை. என்னை எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கிழமை நடந்தது ஒன்றே ஒன்றுதான், அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நான் பழையபடி தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். உயர்தரம் படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனேன். பட்டமளிப்புப் படத்தை அப்பா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். கடலுக்குப் போகமுன் சாமியைக் கும்பிட்டுவிட்டு அதையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போவார். இந்தப் புதினத்தையெல்லாம் முதலில் உன்னிடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொருதரமும் தோன்றும். உன் அம்மாவைச் சில வேளை சந்தையில் காண்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, என்ன புதினம்?” என்று கேட்பார். உன்னுடைய அதே குரலில் கேட்பார். “ஒண்டுமில்லை அம்மா” என்பேன். இரண்டு பேரும் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

போன வியாழனுக்கு முந்திய வியாழன், மேசையில் வைத்த அந்த மைக்கைத் திரும்ப எடுத்துப் பிடித்தேன். பிள்ளைகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். ‘நம் பாடசாலையின் இந்தக் கிழமைச் செய்திகள்’ என்று சொன்னேன். உடனே அடுத்ததுக்குப் போக முடியவில்லை. நின்றேன். நீ மூச்செடுக்கிற அளவு நேரம் நின்றேன். பிறகு அடுத்த வசனம். திரும்பவும் நின்றேன். அவசரப்பட எனக்கு மனமில்லை. கடல்நீர்க் களப்பின் கரையில் காகம் கத்தியதுகூடக் கேட்டது. ஆறாம் வகுப்பின் தண்ணீர்த் தாங்கிக்குள் தவளை வந்த செய்தியில் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கடைசி வரை வாசித்தேன். என் குரல் மதிலில் பட்டுத் திரும்பி வந்ததை நானே கேட்டேன்.

“நல்லா நிப்பாட்டி நிப்பாட்டி வாசிச்சீங்க ரீச்சர்” என்றார் அதிபர்.

போன வியாழன் பிள்ளைகளின் முறை. ஏழாம் வகுப்பு நிஸ்மியா வாசிக்க முன்வந்தாள். இடைவேளை முழுக்க மைதானத்தைச் சுற்றி ஓடுகிற பிள்ளை, மூச்சுக்குக் குறைவில்லை. பர்தாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தாள். முதல் வசனத்தை வாசித்தாள். நிறுத்தினாள். தலையை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினாள். அங்கே யாரும் இல்லை. ஒரு ஆள் மூச்செடுக்கிற நேரம் அப்படியே நின்றாள். பிறகு முன்னால் பார்த்து இரண்டாவதை வாசித்தாள். திரும்பவும் நிறுத்தினாள். திரும்பவும் இடப்பக்கம்.

நான் அப்படிப் பார்த்திருக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். “ஏன் மகள், ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

அவள் பயந்துவிட்டாள். “செய்தி அப்புடித்தானே ரீச்சர் வாசிக்கணும்? நீங்க அப்புடித்தானே வாசிச்சீங்க?”

“ஓம். அப்படித்தான் வாசிக்கவேணும்” என்றேன்.

அடுத்த கிழமை எட்டாம் வகுப்பு. அவர்களும் இவளைப் பார்த்துத்தான் பழகுவார்கள். 

இந்தக் கிழமைப் புதினம் இவ்வளவும்தான். நான் வாசித்துவிட்டேன். இனி நீ.