கரையை எங்கே வெட்டுவது

ஜூன் 9
ஊர்க்காரர்களுக்கு ஆற்றைப் பற்றி நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பு. பள்ளிக்கூட மேசையில் மணலைப் பரப்பி, விரலால் ஆறு கிழித்து, குவளையால் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். ஒரு கரையை உயர்த்தியதும் எதிர்க்கரை பொலபொலவென்று உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரம்மா சிரிக்கவில்லை.
"அப்ப யாராவது ஒருத்தர் வீட்டுக்குள்ள தண்ணி போயே ஆகணுமா, டீச்சர்?"
ஏதோ சொல்லி மழுப்பினேன்.

ஆகஸ்ட் 2
வெள்ளத் தடுப்பு அலுவலகத்தில் வரைபடம் நகலெடுக்கச் சேர்ந்தவள் நான். பட்டம் கிடையாது. நூலகப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்துக் கற்றதுதான் எல்லாம். இன்று என் திட்டத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. ஆறு அபாயக் கோட்டைத் தாண்டினால் தெற்குக் கரையை வெட்டிவிடுவது. வடக்கே மருத்துவமனை; நோயாளிகளை நகர்த்த முடியாது. தெற்கே பட்டறைத் தெரு. ஆட்களை முன்பே வெளியேற்றலாம்.
அந்தத் தெருவில்தான் அண்ணனின் மரப்பட்டறை. அங்கே வந்ததும் பென்சில் நின்றது உண்மை. கோட்டை மாற்றவில்லை.

ஆகஸ்ட் 3
நானே போய் அண்ணனிடம் சொன்னேன். இழைப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டான்.
"மெஷினையெல்லாம் மேல ஏத்திடுண்ணா."
"எங்க ஏத்த? உன் தலையிலயா?" பிறகு, மெதுவாக, "வேற எவனாவது போட்ட திட்டம்னா திட்டிட்டு விட்டிருப்பேன். கூடப் பொறந்தவ நீ."
அண்ணி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 21
மழை விடுவதாக இல்லை.

அக்டோபர் 23
ஆறு அபாயக் கோட்டைத் தாண்டிவிட்டது. தலைமைப் பொறியாளர் என்னைப் பார்த்தார். "உங்க திட்டம். வெட்டலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?"
மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. "வெட்டுங்க" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை.
மருத்துவமனை வாசற்படிகூட நனையவில்லை. பட்டறைத் தெருவில் எல்லோரும் முன்பே வெளியேறியிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

அக்டோபர் 24
வெட்டிய கொஞ்ச நேரத்திலேயே ஆற்றின் மேற்பகுதியில் மழை நின்றுவிட்டதாம். அப்படியென்றால் — வெட்டாமலே வடக்குக் கரை தாங்கியிருக்குமோ? கணக்குப் போட்டுப் போட்டுப் பாக்குறேன். ஒரு தடவை கரை நிக்குது, ஒரு தடவை உடையுது. ஐயோ, யார்கிட்ட போய்க் கேப்பேன்?

அக்டோபர் 27
பட்டறைக்குப் போனேன். இயந்திரங்கள் சேற்றில் புதைந்து கிடக்கின்றன. பலகைகள் ஊறி வளைந்துவிட்டன. அண்ணன் என்னைப் பார்க்காமல் கேட்டான்.
"வெட்டலைன்னா ஆஸ்பத்திரி முங்கியிருக்குமா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் வாயை மூடிக்கிறேன்."
சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது போதும்.
"தெரியலைண்ணா."
சேற்றில் கிடந்த ஒரு பலகையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

நவம்பர் 10
வகுப்புக்கு மூன்றே பேர். பட்டறைத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. நடத்தினேன்.

டிசம்பர் 4
ஒரு கொத்தனார் போன் செய்தார். "உங்க அண்ணன் பட்டறைத் தளத்தை உசத்திக் கட்டுறார்மா. எவ்வளவு உசத்தணும்னு உங்ககிட்டதான் கேக்கணுமாம்."
பின்னால் அண்ணனின் இருமல் கேட்டது. பக்கத்திலேயே நிற்கிறான்.
"நேர்ல பாத்துத்தான் சொல்ல முடியும்னு சொல்லுங்க" என்றேன்.
கொத்தனார் போனைப் பொத்திக்கொண்டு கேட்பது காதில் விழுந்தது. மறுபடியும் இருமல்.
"வரட்டுமாம். ஆனா பேச மாட்டாராம்."
நாளைக் காலை போகிறேன்.